லயத்து வாசலில் நின்ற முதல் சொத்து

மலேசிய இந்தியர்களின் வரலாற்றைப் பேச உட்கார்ந்தால் நாம் கப்பலில் தொடங்குகிறோம். கங்காணி வருகிறார், ரப்பர் மரம் வருகிறது, சயாம் மரண ரயில் வருகிறது, தமிழ்ப்பள்ளியும் கோயிலும் வருகின்றன. இந்த வரிசையில் ஒரு சின்ன இயந்திரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுதான் நாம் எல்லாரும் 'கப்சாய்' என்று அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிள்.

சிரிக்காதீர்கள் நேயர்களே. தோட்டத்தில் வாழ்ந்த நம் தாத்தாவுக்கு எது சொந்தமாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். வீடு நிர்வாகத்துடையது. மரம் முதலாளியுடையது. மளிகைக் கடையில் பற்று வரவு. வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்படிப்பட்ட குடும்பத்தின் வாசலில், பதிவு எண்ணோடு சொந்தப் பெயரில் நின்ற முதல் சொத்து பலருக்கு இந்த மோட்டார் சைக்கிள்தான்.

இதன் கதை ஜப்பானில் தொடங்குகிறது. ஹோண்டா நிறுவனத்தை வளர்த்தவர்கள் இருவர். சொய்ச்சிரோ ஹோண்டா இயந்திரம் அறிந்தவர். தக்கேயோ ஃபுஜிசாவா வணிகம் அறிந்தவர். இருவரும் 1956ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று அங்கிருந்த சிறு வண்டிகளைப் பார்த்தார்கள். ஜப்பானின் கரடுமுரடான சாலைக்கு அவை ஒத்துவராது என்று முடிவு செய்தார்கள். நூடல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு, மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது ஃபுஜிசாவா விதித்த நிபந்தனை. அதன் விளைவாக 1958 ஆகஸ்ட் மாதம் 'சூப்பர் கப்' பிறந்தது.

அந்த நிபந்தனைதான் வண்டியின் உடலமைப்பைத் தீர்மானித்தது. இடக்கையில் கிளட்ச் பிடி இல்லை. இயந்திரத்தின் வேகம் கூடும்போது உள்ளே சுழலும் எடைகள் வெளிப்புறமாக விரிந்து கிளட்சைத் தாமே பிடிக்கச் செய்யும். வேகம் குறைந்தால் விட்டுவிடும். கியர் மாற்ற இடது கால் போதும். 49 சிசி இயந்திரம், 4.5 குதிரைத் திறன், மூன்று கியர்கள். சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால், காலைத் தூக்கிப் போடாமல் நடுவில் நுழைத்து ஏறலாம். சேலை கட்டிய பெண்ணும் சங்கடமின்றி உட்காரலாம். செயினை முழுமையாக மூடிய உறை சேற்றைத் தடுத்தது. காலுக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் மறைப்பு, தெறிக்கும் தண்ணீரைத் தடுத்தது. 17 அங்குலச் சக்கரம் பள்ளம் மேடுகளைச் சமாளித்தது.

இதைப் படிக்கும்போது ஜப்பானிய நூடல்ஸ் கடை நினைவுக்கு வருகிறதா, நம்முடைய செம்மண் சாலை நினைவுக்கு வருகிறதா? யாருக்கோ செய்யப்பட்ட வண்டி நம் தோட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

இதை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவிலிருந்து 12 வயதில் வந்தவர். பள்ளிப் படிப்பு கிடைக்காமல் பட்டறையில் மெக்கானிக் வேலை கற்றவர். பிறகு பேருந்துத் தொழிலில் வளர்ந்தவர். 1958ஆம் ஆண்டில் ஜப்பான் சென்றபோது இந்த வண்டியைப் பார்த்து, மலாயாவில் அதை விற்கும் உரிமையைப் பெற்று வந்தார். கையில் ஸ்பேனர் பிடித்த மனிதருக்கு அந்த வண்டியின் அருமை பார்த்தவுடன் புரிந்ததில் வியப்பில்லை. 'கப்' என்ற பெயரோடு, 'குட்டி' எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆனது என்பார்கள். பிறகு எந்த நிறுவனத்தின் சிறிய வண்டிக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. கெடா, குருணில் தயாரான மொடேனாஸ் கிரிஸ் 1996ஆம் ஆண்டில் வந்தபோது அதையும் கப்சாய் என்றுதான் அழைத்தோம்.

1967ஆம் ஆண்டில் தவணைக் கொள்முதல் சட்டம் வந்தது. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டி வண்டி வாங்கியவர்கள் பலர். 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பிற்பாடு வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. அந்தக் காலத்தில் கப்சாய் ஒரு பாலமாக இருந்தது. அம்மா அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டி லயத்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள, மகன் அதே வீட்டில் தூங்கி எழுந்து பட்டணத்து வேலைக்குப் போய்வர முடிந்தது. தோட்டத்தின் கேட்டைத் தாண்டுவதற்கு இனி யாருடைய லாரிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கியது பாதிக் கதைதான். மீதிப் பாதி, பழுது பார்த்தது. பட்டறை பல மைலுக்கு அப்பால் இருந்தபோது வண்டியின் சொந்தக்காரரே மெக்கானிக் ஆனார். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்தார். பழைய வண்டிகளில் இருந்த பாயின்டை மணல் தாளால் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். செயின் தளர்ந்தால் பின் சக்கரத்தை இழுத்து முடுக்கினார். ஒரு லிட்டருக்கும் குறைவான இன்ஜின் எண்ணெயை மாற்றிவிட்டால் மீண்டும் பல வாரங்களுக்குக் கவலை இல்லை. பள்ளிக்கூடம் கொடுக்காத தொழிற்கல்வியை இந்த வண்டி கொடுத்தது என்றே சொல்லலாம். அப்பா பழுது பார்க்கும்போது விளக்குப் பிடித்து நின்ற பிள்ளைகளில் சிலர் பின்னாளில் சொந்தப் பட்டறை வைத்தார்கள்.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். சட்டம் சும்மா இருக்கவில்லை. 1973ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயமானது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை அமைத்தார்கள். 1992ஆம் ஆண்டில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்றார்கள். இவை ஒவ்வொன்றும் உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனாலும் மரண அறிவித்தல் பக்கத்தில் இளம் முகங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதில் ஸ்பேனருக்கும் ஒரு பங்கு உண்டு. தாத்தா ஸ்பேனரை எடுத்தது, நாளை காலை வேலைக்கு வண்டி ஓட வேண்டும் என்பதற்காக. 'மாட் ரெம்பிட்' என்ற பெயர் பரவிய காலத்தில் பேரன் அதே ஸ்பேனரை எடுத்தது, வண்டி அதன் அளவுக்கு மீறி ஓட வேண்டும் என்பதற்காக. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குகிறார்கள். ஆனால், பிரேக் பழைய டிரம் பிரேக். டயர் பழைய டயர். பறக்கச் சொல்லித் தந்துவிட்டு நிற்கச் சொல்லித் தராத இயந்திரம் அது. கை வேலைத் திறமையில் குறை சொல்ல முடியாது. அந்தத் திறமை எதற்குப் பயன்படுகிறது என்பதில்தான் கோளாறு.

2017ஆம் ஆண்டில் உலகம் முழுதும் சூப்பர் கப் வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. நூடல்ஸ் கடைப் பையனுக்காகப் பிறந்த வண்டியின் வாரிசுகளில் இன்று நம் பிள்ளைகள் உணவுப் பொட்டலம் சுமந்து மழையிலும் வெயிலிலும் ஓடுகிறார்கள். தாத்தாவுக்குச் சோறு போட்டதுபோலவே பேரனுக்கும் அது சோறு போடுகிறது. ஆகவே, இதை ஏழையின் வண்டி என்று ஒதுக்கவும் வேண்டாம், எமனின் வண்டி என்று பயந்து பூட்டி வைக்கவும் வேண்டாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 16 வயதில் மகனோ மகளோ உரிமம் எடுக்கப் போகும்போது சாவியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிரேக் எப்போது தேய்ந்தது என்று எப்படித் தெரியும், செயின் எவ்வளவு ஆடலாம், டயர் எப்போது மாற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் அப்பாவைக் கூப்பிடுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும், இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.