எவர்சில்வரும் எஃகும்

எலுமிச்சை நறுக்கிவிட்டுக் கழுவாமல் போட்ட கத்தியில் மறுநாள் பழுப்புப் புள்ளி. "எவர்சில்வர்தானே, எப்படித் துருப்பிடிக்கும்?" என்றாள் மனைவி. எவர்சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. பளபளப்பு வாங்கித் தந்த பெயர் அது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருக்கியதும் இந்தக் கத்தி இனமே: சுமார் 13 விழுக்காடு குரோமியம், கொஞ்சம் கரி. காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் இறுகும், காந்தம் ஒட்டும். இறுகிய அந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயர். சாப்பாட்டுத் தட்டில் குரோமியம் கூடுதல், பெரும்பாலும் நிக்கலும் உண்டு. துரு அண்டாது, கூரும் நிற்காது. 'துருப்பிடிக்காத எஃகு' என்ற பாடநூல் பெயர் கத்திக்குச் சற்று மிகை. எஃகு மட்டும் கச்சிதம்: குறளில் அது உலோகமல்ல, படைக்கலம். 'துரு தாங்கும் எஃகு' என்பேன். கத்தியைக் கழுவித் துடைத்து வையுங்கள்.