செபுராஷ்கா: புத்தகத்திலிருந்து பொம்மை மேடைக்கு

செபுராஷ்கா முதலில் பிறந்தது எழுத்தில். ரஷ்ய எழுத்தாளர் எதுவார்த் உஸ்பென்ஸ்கி எழுதிய ‘முதலை கேனாவும் அவன் நண்பர்களும்’ என்ற சிறுவர் நூல் படங்களோடு 1966இல் வெளிவந்தது. ஆரஞ்சுப் பெட்டிக்குள் தூங்கிப்போன ஒரு குட்டி விலங்கு, வெப்பமண்டலக் காட்டிலிருந்து முன்பின் தெரியாத நகரத்துக்கு வந்து சேர்கிறது. அறிவியலுக்குத் தெரியாத பிராணி என்பதால் மிருகக்காட்சிசாலையிலும் இடம் கிடைக்கவில்லை; தொலைபேசிக் கூண்டில் குடியிருக்கிறது. கேனா அதே ஊர் மிருகக்காட்சிசாலையில் முதலையாகவே வேலை பார்க்கும் முதலை. வேலை முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். பேச ஆளில்லாமல் வாடிப்போய், நண்பர்கள் தேவை என்று ஊரெங்கும் விளம்பரம் ஒட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் செபுராஷ்கா அதன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

செபுராஷ்காவை உஸ்பென்ஸ்கி கோட்டானின் மஞ்சள் கண்களும் முயலின் உருண்டைத் தலையும் கரடிக்குட்டியின் குட்டை வாலும் கொண்டதாக வருணித்தார். காதைப் பற்றி அந்த வருணனையில் பேச்சே இல்லை. முதல் பதிப்புக்கு ஓவியம் வரைந்தவர் வலேரி அல்ஃபெயெவ்ஸ்கி. அவர் தீட்டிய செபுராஷ்காவுக்கும் இன்று உலகம் அறிந்த செபுராஷ்காவுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு.

இன்றைய உருவம் மாஸ்கோவின் சோயுஸ்முல்த்ஃபில்ம் ஸ்டூடியோவில் உருவானது. 1936இல் அரசு தொடங்கிய அந்த ஸ்டூடியோவில், பொம்மைப் படங்களுக்கான தனிப் பிரிவு 1950களில் வளர்ந்தது. அர்பாத் பகுதியில், வழிபாடு நிறுத்தப்பட்ட ஒரு பழைய தேவாலயமே அதன் பணியிடம். ஓவியர் பொலேனவ் 1878இல் தீட்டிய ‘மாஸ்கோ முற்றம்’ ஓவியத்தில் தெரிவது இதே தேவாலயம்தான். சோவியத் ஆட்சியின் முடிவையொட்டி அது மீண்டும் திருச்சபையின் கைக்கு வந்தது.

இயக்குநர் ரோமான் கச்சானவும் கலை இயக்குநர் லியோனித் ஷ்வார்த்ஸ்மனும் அங்கே 1967இல் ‘கையுறை’ என்ற குறும்படத்தை எடுத்திருந்தார்கள். நாய் வளர்க்க ஆசைப்பட்ட ஒரு சிறுமியின் கம்பளிக் கையுறை நாய்க்குட்டியாக மாறும் கதை, வசனமே கிடையாது. தனிமையில் வாடும் குழந்தை மனத்தைப் பொம்மையின் அசைவில் மட்டுமே காட்ட முடியும் என்று அந்தப் படம் நிரூபித்தது. உஸ்பென்ஸ்கியின் கதை அதே கைகளுக்கு வந்து சேர்ந்தது நற்பேறு.

ஷ்வார்த்ஸ்மன் செபுராஷ்காவைப் பலமுறை வரைந்து பார்த்தார். முதலில் காதுகள் தலை உச்சியில், சாதாரண விலங்குக்கு இருப்பதுபோல நின்றன. வரைய வரைய அவை பக்கவாட்டுக்கு இறங்கின, பெரிதாயின. வால் சிறுத்து, பிறகு இல்லாமலே போயிற்று. கால்கள் குறுகி வெறும் பாதங்களாயின. கோட்டான் கண் போய், வியந்து பார்க்கும் குழந்தைக் கண் வந்தது. இதில் அழகுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு தொழிலுக்கும் உண்டு. மேசைமேல் நிற்க வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டிய பொம்மைக்கு மெலிந்த நீண்ட கால்கள் தொல்லை; பாதம் மட்டும் இருந்தால் உறுதியாக நிற்கும், தத்தித் தத்தி நடக்கும் நடையும் தானே வந்துவிடும். முகத்தில் அதிகம் அசைக்க வழியில்லாத இடத்தில் இரண்டு பெரிய காதுகள் உணர்ச்சியைச் சுமந்தன.

கேனாவுக்கு வெள்ளைச் சட்டை, போ டை, சுங்கான் என்று பழைய கனவானின் தோற்றம் வந்தது. குறும்புக்காரக் கிழவி ஷபோக்ல்யாக்கின் பெயர் மடக்கும் தொப்பி ஒன்றின் பெயரிலிருந்து வந்ததால், ஷ்வார்த்ஸ்மன் அவருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு உடை தைத்தார். நரைத்த கொண்டையைத் தன் மாமியாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

‘முதலை கேனா’ படம் 1969இல் வெளிவந்தது. நீளம் 20 நிமிடம். திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். அந்தக் கணக்கில் 20 நிமிடத்துக்கு 28,800 ஃபிரேம். பொம்மையைச் சற்றே நகர்த்து, கேமராவை இயக்கு, மறுபடி நகர்த்து என்பதே படப்பிடிப்பு. அப்படிப் பொம்மைகளை நகர்த்தியவர்களில் ஒருவர் யூரி நோர்ஷ்தெய்ன். பின்னாளில் ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’ (1975) எடுத்துப் பெரும் புகழ் பெற்றவர். செபுராஷ்காவுக்குக் குரல் கொடுத்தவர் கிளாரா ருமியானவா. கேனாவாகப் பேசியவர் வசீலி லிவானவ். சோவியத் தொலைக்காட்சியில் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்தவரும் அவரே.

படத்தின் ஆழம் அதன் தனிமையில் இருக்கிறது. கேனா தனக்குத் தானே சதுரங்கம் ஆடுகிறது. நண்பர் இல்லாதவர்கள் கூடட்டும் என்று நட்பு இல்லம் ஒன்றைக் கட்டுகிறார்கள்; கட்டி முடிப்பதற்குள் கட்டியவர்கள் எல்லோரும் நண்பர்களாகிவிடுகிறார்கள். சோவியத் படங்களில் கூட்டு உழைப்பு வழக்கமான பேசுபொருள். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் அதற்கு வந்து சேர்வது தன் தனிமையிலிருந்து. அதனால்தான் படம் பிரசாரமாகத் தோன்றுவதில்லை.

‘செபுராஷ்கா’ (1971), ‘ஷபோக்ல்யாக்’ (1974), ‘செபுராஷ்கா பள்ளிக்குப் போகிறது’ (1983) என்று மூன்று படங்கள் தொடர்ந்தன. ‘ஷபோக்ல்யாக்’ படத்தில் ஆற்றில் கழிவைக் கொட்டும் தொழிற்சாலையையும் எதிர்க்கிறார்கள். சிறுவர் படத்துக்கு அந்தக் காலத்தில் அது துணிச்சலான செய்தி. நான்கில் முதல் படமே இன்றும் நிறைவானது.

வெளிநாடுகளில் செபுராஷ்காவின் பயணம் விசித்திரமானது. ஸ்வீடன் தொலைக்காட்சி 1970களில் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, துருத்தென், கேனா என்ற கைப்பொம்மைகளாக்கி வேறு கதைகள் சொன்னது. ஜப்பானில் 2001இல் பழைய படங்கள் திரையரங்குக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. 2010இல் மகோத்தோ நகமுரா அதே பொம்மை உருவங்களை வைத்து அங்கே புதிய படம் எடுத்தார். 2004 ஏதென்ஸ் போட்டி முதல் சில ஒலிம்பிக்குகளில் செபுராஷ்கா ரஷ்ய அணியின் சின்னமாக இருந்தது.

இத்தனை பணம் புரளும் உருவம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் இடையே நீதிமன்றம் வரை போயிற்று. பெயரையும் கதையையும் தந்தவர் உஸ்பென்ஸ்கி. முகத்தைத் தந்தவர் ஷ்வார்த்ஸ்மன். உஸ்பென்ஸ்கி 2018இல் காலமானார். ஷ்வார்த்ஸ்மன் நூறு வயதைக் கடந்து 2022இல். அடுத்த ஆண்டு ஜனவரியில் நடிகர்களும் கணினி வரைகலையும் சேர்ந்த புதிய ‘செபுராஷ்கா’ வந்து, அதுவரை வெளியான ரஷ்யப் படங்களிலேயே மிக அதிக வசூல் ஈட்டியது.