மகாவமிசமும் அதன் பிற்சேர்க்கைகளும்

களனிக் கங்கையின் வடகரையிலே ராஜமகா விகாரை அமைந்துள்ளது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர்களுக்கு அது தொலைவான இடமன்று. ஆண்டுதோறும் துருத்துப் பௌர்ணமியையொட்டி அங்கு நடைபெறும் பெரஹராவைக் காணச் செல்பவருள் அவர்களும் உளர். விகாரையின் புது மண்டபச் சுவர்களிலே சோலியஸ் மெண்டிஸ் என்னும் ஓவியர் இருபதாம் நூற்றாண்டில் வரைந்த சித்திரங்கள் விளங்குகின்றன. நாகர்களுக்குப் புத்தபகவான் அறம் உரைக்கும் காட்சி ஒருபுறம். குற்றமற்ற பிக்கு ஒருவரைக் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் இடுவித்த களனி திஸ்ஸ மன்னனின் கதை மற்றொருபுறம். கலிங்கத்திலிருந்து புனித தந்தம் இலங்கைக்கு வந்த வரலாறும், புத்தகோஷர் தாம் இயற்றிய நூலை மகாவிகாரைத் தேரர்களிடம் ஒப்புவிக்கும் காட்சியும் அங்கேயே உள்ளன.

பார்ப்பவர் இவையனைத்தையும் மகாவமிசக் கதைகள் என்றே கூறிச் செல்வர். ஆயின் முதலிரு கதைகள் ஒருவர் எழுதிய நூலிலும், பின்னிரு செய்திகள் பல நூற்றாண்டுகளின் பின் வேறொருவர் அந்நூலோடு ஒட்டிய பகுதியிலும் காணப்படுபவை. ஒட்டிய இடம் எது என்பது சுவரில் தெரியாது. ஏட்டிலும் எளிதில் தெரிவதில்லை. ஒரு நாட்டார் தம் உயிரெனப் போற்றும் நூலொன்றிற்குக் காலங்கடந்து ஒரு தொடர்ச்சி வந்து சேருமாயின், படிப்போர் அதனை எவ்வாறு ஏற்பர் என்னும் வினாவிற்கு இந்நூலின் வரலாற்றைக் காட்டிலும் தக்க சான்று இப்பகுதியில் வேறில்லை எனலாம்.

மகாவமிசம் பாளி மொழியில் செய்யுளால் இயன்றது. அநுராதபுரத்து மகாநாம தேரர் கி. பி. ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில் இதனை இயற்றினார் என்பர். அதற்கு முன்னரே தீபவமிசம் என்னும் நூல் இருந்தது. அது நடைநயம் குன்றியது. மகாநாமரின் நூலோ காவியச் சுவை நிரம்பியது. நாகதீபத்திலே மணியாசனத்துக்காகப் பொருத இரு நாக மன்னரைப் புத்தர் சமாதானப்படுத்தியதும், பின்னர் மணியக்கிகன் என்னும் நாகவரசனின் அழைப்பை ஏற்றுக் களனிக்கு எழுந்தருளியதும் அதன் முதலதிகாரத்தில் வருவன. மணிபல்லவத்துப் பீடிகை குறித்து மணிமேகலை கூறுவதை அறிந்த தமிழருக்கு இக்கதை புதிதன்று. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தண்டித்த எல்லாளனின் நீதியும் அவ்வாறே. சோழநாட்டு மனுநீதி கண்டவனின் கதையோடு அது ஒன்றாய் நிற்கின்றது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு தன் பகைவனுக்குச் சமாதி எழுப்பி, அதனை மக்கள் வழிபடவேண்டும் எனக் கட்டளையிட்டான் என்று எழுதிய புலவர், வெற்றிக் களிப்பிலும் மனிதப் பண்பை மறவாதவர் என்பதில் ஐயமில்லை.

அந்நூல் மகாசேனன் என்னும் மன்னனின் மரணத்தோடு, முப்பத்தேழாம் அதிகாரத்து ஐம்பதாம் செய்யுளில் நின்றுவிடுகின்றது. தொடர்ச்சியை எழுதியவர் புதிய அதிகாரம் வகுக்கவில்லை. புதிய பெயரும் சூட்டவில்லை. அதே அதிகாரத்தின் ஐம்பத்தோராம் செய்யுளாகத் தம் எழுத்தைத் தொடங்கினார். பழஞ்சுவரின் பாதியிலிருந்து புதுச்சுவரை எழுப்பி, மேலே ஒரே சுண்ணம் பூசியது போன்ற செயல் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான தம்மகித்தி தேரரே இதனைச் செய்தார் என்பது மரபு. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இதில் ஐயுறுவர். பராக்கிரமபாகு என்னும் பொலன்னறுவை வேந்தனின் புகழைப் பாடுவதே இப்பகுதியின் தலையாய நோக்கம். அவன் ஒருவனுக்கென்றே அறுபத்திரண்டு முதல் எழுபத்தொன்பது வரை பதினெட்டு அதிகாரங்கள் ஒதுக்கப்பட்டன. துட்டகைமுனுவுக்கு மகாநாமர் செய்த சிறப்பைத் தம் நாயகனுக்குத் தாமும் செய்ய விரும்பினார் போலும். பின்னர் மற்றொருவர் நான்காம் பராக்கிரமபாகு காலம்வரை கொணர்ந்தார். அதன்பின் நீண்ட இடைவெளி.

பழைய வாசகர்கள், அதாவது விகாரைகளில் ஓலை எழுதிப் படித்த பிக்குமார், இச்சேர்க்கையை எவ்வாறு ஏற்றனர்? எதிர்ப்புரை எதுவும் கிடைத்திலது. எனினும் குறிப்பிடத்தக்க செய்தியொன்று உண்டு. மகாவமிசத்துக்குப் பாளியில் பழைய உரையொன்றுளது. அது மகாசேனனோடு முடிந்த பழைய நூலுக்கே பொருள் கூறுகின்றது, தொடர்ச்சியைத் தொடவில்லை. கம்போசத்தில் வழங்கிய ஏட்டை எழுதியோரின் போக்கு வேறு. அவர்கள் கடைசியில் எதையும் ஒட்டாமல், பழைய கதைகளையே உள்ளிருந்து விரித்து நூலை ஏறக்குறைய இருமடங்காக்கிவிட்டனர். இவ்விரிந்த மகாவமிசத்தைக் கலாநிதி மலலசேகர 1937இல் பதிப்பித்தார். ஒரு நூலை மிக விரும்புவோர் அதை நீளமாக்கவும் கூடும், தடிப்பாக்கவும் கூடும்!

மூன்றாம் தொடர்ச்சி கண்டியிலே கீர்த்தி சிறி ராஜசிங்கன் ஆட்சியில், பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றியது. எழுதியவர் திப்பட்டுவாவே சுமங்கல தேரர். எழுதத் தூண்டிய அரசனோ மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்தான் ஒருவனின் காலத்திலேயே, சிங்கள மன்னரின் வரலாற்றேடு நெடுநாள் உறக்கம் கலைந்து எழுந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இலங்கைச் சரித்திரத்தில் இனக்கோடுகளை நேர்கோடுகளாக வரைய விரும்புவோருக்கு இச்செய்தி இடைஞ்சலாகவே இருக்கும். ஆயினும் இம்மூன்றாம் பகுதி கோட்டைக் காலத்தை மிகச் சுருக்கமாகக் கடந்து செல்கின்றது. அதற்கு வேண்டிய சான்றுகள் தேரருக்குக் கிடைத்திருக்கமாட்டா.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுவகை வாசகர் தோன்றினர். ஜோர்ஜ் டேர்ணர் என்னும் ஆங்கில அரசாங்க உத்தியோகத்தர், முல்கிரிகலை விகாரையிலிருந்து பெற்ற உரையேட்டின் துணைகொண்டு மகாவமிசத்தை ஆராய்ந்து, முதல் முப்பத்தெட்டு அதிகாரங்களை 1837இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். இந்தியக் கற்றூண்களில் பியதசி எனக் கண்ட பெயர் அசோகனுடையதே என்பதும் பாளி நூல்களிலிருந்து அவர் கண்டுணர்த்தியதேயாம். 1843இல் அவர் காலமானார். பணி குறையாய் நின்றது. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்தில் அரசாங்கம் அதனை மீண்டும் தொடங்கிற்று. ஹிக்கடுவே சுமங்கல தேரரும் பட்டுவந்துடாவே பண்டிதரும் மூலத்தைப் பரிசோதித்துப் பதிப்பித்தனர்; பிற்பகுதி 1877இலும் முற்பகுதி 1883இலும் வெளிவந்தன. எல். சி. விஜேசிங்க முதலியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1889இல் நிறைவெய்தியது.

பதிப்பாசிரியராயிருந்த சுமங்கல தேரர் பதிப்பித்ததோடு அமையவில்லை. கண்டியரசு 1815இல் ஆங்கிலேயர் கைப்பட்டதுவரை கூறும் சிறிய நூற்றோராம் அதிகாரத்தைத் தாமே இயற்றிச் சேர்த்தார். இன்றைய ஆராய்ச்சி முறைப்படி ஒரு பதிப்பாசிரியர் இவ்வாறு செய்தல் பிழையெனப்படும். அவர் காலத்து மரபுப்படி அது கடமை. ஏடு அவர் கைக்கு வந்தது, அரசு முடிந்தது, முடிவை எழுதாமல் ஏட்டை மூடுவது எங்ஙனம்?

சேர்க்கையைச் சேர்க்கையென்றே வெளிப்படையாக வெட்டிக் காட்டியவர் ஜெர்மனியப் பேராசிரியர் வில்ஹெல்ம் கைகர். அவர் 1908இல் மூலத்தையும் 1912இல் மொழிபெயர்ப்பையும் ஐம்பதாம் செய்யுளோடு நிறுத்தி மகாவமிசம் என்றார். எஞ்சியதை 1925 முதல் தனியே பதிப்பித்துச் சூளவமிசம் எனப் பெயரிட்டார். பெருவமிசம், சிறுவமிசம் என்பது கருத்து. அளவை நோக்கின் சிறியதெனப்பட்டதே பெரியது. கைகரின் மொழிபெயர்ப்பில் மகாவமிசம் ஒரு தொகுதி, சூளவமிசம் இரண்டு தொகுதி. முப்பத்தேழாம் அதிகாரம் ஒன்றை முழுமையாகப் படிக்க விரும்பும் மாணவன் இரண்டு புத்தகங்களைத் திறக்கவேண்டியவனானான். ஆராய்ச்சியாளர் இப்பிரிவினையை மகிழ்ந்து ஏற்றனர். பௌத்த மரபில் வந்த அறிஞரோ முழுவதையும் ஒரே மகாவமிசமாகக் கொள்ளும் வழக்கைக் கைவிடவில்லை. இரு திறத்தாரும் தத்தம் நிலையில் சரியே. யார் எழுதியது என்று கேட்பவனுக்கு இது இரண்டு நூல். யாருக்காக எழுதியது என்று கேட்பவனுக்கு ஒரே நூல்.

இனி, தமிழ் வாசகர்க்கு இச்சேர்க்கையால் விளைந்த பயன் யாது? பொதுமக்கள் முற்பகுதியைக் கொண்டே வாதிடுவர். எல்லாளன் பெயரும் துட்டகைமுனு பெயரும் மேடைகளில் ஒலிப்பதுபோல் ஐந்தாம் மகிந்தனின் பெயர் ஒலிப்பதில்லை. வரலாற்றறிஞரோ பிற்பகுதியையே பெரிதும் நாடுவர். காரணம் எளிது. அதனை ஒத்துப்பார்க்கத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன.

பாண்டியன் ஒருவன் சோழனுக்கஞ்சி இலங்கைக்கு ஓடிவந்து, தன் முடியையும் பிற அணிகளையும் இங்கு விட்டுச் சேரநாடு சென்றான் எனச் சூளவமிசம் கூறுகின்றது. அவற்றைச் சோழன் கேட்டனுப்பியதையும், இலங்கை மன்னன் மறுத்ததால் படை வந்ததையும் அது சொல்கின்றது. பின்னர் ஐந்தாம் மகிந்தன் தன் முப்பத்தாறாம் ஆட்சியாண்டில் சோழரால் சிறைப்பட்டுச் சோழநாட்டிலே பன்னிரண்டாண்டு இருந்து இறந்தான் எனவும் உரைக்கின்றது. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியும் ஈழத்தரசரின் முடியோடு, பாண்டியன் அங்கு வைத்துச் சென்ற முடியையும் ஆரத்தையும் கவர்ந்ததைப் பாராட்டுகின்றது. வென்றவர் கல்லில் வெட்டியதும் தோற்றவர் ஓலையில் எழுதியதும் ஒத்துநிற்கும் அரிய இடம் இது. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை எழுதியபோது இவ்விருவகைச் சான்றுகளையும் அருகருகே வைத்தே முடிவு கண்டார்.

ஒவ்வாத இடமும் உண்டு. அதுவே மிகுந்த படிப்பினை தருவது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாண்டிநாட்டு உரிமைப் போரில் பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனை அனுப்பினான். அப்படை ஊர்கள் பலவற்றைக் கைப்பற்றிய வெற்றிகளைச் சூளவமிசம் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்கின்றது. சொல்லி, வெற்றியோடு கதையை நிறுத்திவிடுகின்றது. காஞ்சிபுரத்தையடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டோ வேறொரு செய்தி தருகின்றது. ஈழப்படை இராமேசுவரக் கோயிலில் வழிபாட்டை நிறுத்திப் பெருந்தீங்கு இழைப்பதாகக் கேட்ட சோழ அதிகாரி ஒருவன் உமாபதிதேவர் என்னும் சைவப் பெரியாரை அணுகினான், அவர் இருபத்தெட்டு நாள் சிவபூசை நடத்தினார், பகைவர் தோற்றோடினர், அவருக்கு ஆர்ப்பாக்கமே கொடையாயிற்று. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இன்னும் கடுமையானது. இலங்காபுரன் முதலிய தளபதியரின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன என்கின்றது அது.

பொய் என்று சூளவமிசத்தைத் தள்ளுதல் அறிவுடைமையாகாது. அது கூறிய ஊர்ப்பெயர்கள் பல பாண்டிநாட்டில் இன்றும் அடையாளங் காணப்படுவன. கூறியதில் அன்று, கூறாது விட்டதிலேயே அதன் குறை கிடக்கின்றது. கல்வெட்டை வெட்டுவித்தவர்களும் தம் தோல்வியைக் கல்லில் பொறித்தவரல்லர் என்பதைத் தமிழ் வாசகரும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்து முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்தபோது, யாழ்ப்பாண வைபவமாலையோடு பாளி நூல்களையும் கையாண்டனர். ஒருசார் ஏட்டை மட்டும் நம்பி எழுதப்பட்ட சரித்திரம் வழக்குரையேயன்றிச் சரித்திரமாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1815உடன் ஏடு மூடப்படவில்லை. 1935இல் யாகிரல பஞ்ஞானந்த தேரர் அவ்வாண்டுவரையான செய்திகளை இயற்றி, மகாவமிசத்தின் மூன்றாம் பகுதியென வெளியிட்டார். எந்த அரசாங்கமும் அவரை ஏவவில்லை. 1977இல் பதவியேற்ற ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் அடுத்த தொடர்ச்சியை எழுதுவிப்பதை அரச பணியாகவே மேற்கொண்டது. இங்கே வாசகரின் நிலை மாறுகின்றது. தம்மகித்தி பராக்கிரமபாகுவைப் புகழ்ந்தபோது அவ்வேந்தன் உயிரோடில்லை. படித்தவரும் விகாரைக்குள்ளே இருந்தனர். தற்காலத் தொடர்ச்சியில் இடம்பெறுபவரின் பிள்ளைகள் அதனைப் படிக்கின்றனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் யாவரும் வாக்காளராயுள்ள ஒரு நாட்டில், வமிசநூல் யாருடைய வமிசத்தை எழுதும் என்னும் கேள்வி மகாநாமருக்கு எழாதது. இன்றைய ஆசிரியர் குழுவுக்குத் தப்பாதது.

களனியின் வித்தியாலங்காரப் பிரிவேனா 1875இல் நிறுவப்பெற்றது. 1959இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இப்பொழுது களனிப் பல்கலைக்கழகமாக விளங்குவதும் அதுவே. ஆங்குப் பாளி பயிலும் மாணவர் மகாவமிசத்தையும் சூளவமிசத்தையும் தனித்தனிப் பெயரால் அறிவர். சிறிது தொலைவிலுள்ள விகாரைக்கு மலர்த்தட்டுடன் வருவோர்க்கு இரண்டும் ஒன்றே. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள மகாவமிச ஓலையேடு 2023இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதனைப் பதிந்தவர்கள் பயன்படுத்திய பெயர் மகாவமிசம் என்பதே.