அறுபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கண்கள்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்! தொலைவை அறிய இரு கண்கள் ஏன் தேவை என்பது உடனே விளங்கும். விண்ணிலிருந்து பூமியின் மேடு பள்ளங்களை அளக்க முனைந்த அறிஞர்களுக்கும் இதே தேவை எழுந்தது. ரேடார் அலைகள் மேகத்தையும் இருளையும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உயரத்தையும் ஒரே பறப்பில் கணக்கிட, சற்றுத் தள்ளி இரண்டாவது அலைவாங்கி ஒன்று வேண்டும். இரண்டையும் வந்தடையும் எதிரொலிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடே உயரத்தைச் சொல்லிவிடும்.

2000 பிப்ரவரி 11 அன்று அமெரிக்க விண்ணோடமான எண்டெவர், கெவின் கிரெகல் தலைமையில் ஆறு பேருடன் புறப்பட்டது. ஒருவர் ஜப்பானியர், ஒருவர் ஜெர்மானியர். சுமார் 233 கிலோமீட்டர் உயரத்தை அடைந்ததும், 3 மீட்டர் நீளப் பெட்டியில் மடங்கிக் கிடந்த கம்பம் மெல்ல மெல்ல 60 மீட்டருக்கு நீண்டது. அதன் நுனியில்தான் இரண்டாவது 'கண்'.

நீண்ட தொரட்டியைத் தூக்கிச் செல்பவர்களுக்குத் தெரியும். கை சற்றே அசைந்தாலும் நுனி பெரிதும் ஆடும். இங்கோ தொல்லை வேறொன்றும் இருந்தது. பூமியின் ஈர்ப்பு அக்கம்பத்தை ஓயாமல் திருப்ப முயன்றது. அதை எதிர்க்க நுனியில் நைட்ரஜன் வாயுவைப் பீச்சும் சிறு உந்தி ஒன்று வைத்திருந்தார்கள். தொடக்கத்திலேயே அது பழுதாயிற்று! அந்த வேலையும் விண்ணோடத்தின் உந்திகள் மேல் விழுந்தது. எரிபொருள் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கரைந்தது. அளவீட்டைப் பாதியில் நிறுத்த நேருமோ என்ற அச்சம் எழுந்தது.

தரையிலிருந்தவர்களும் வீரர்களும் கூடிச் சிக்கனத்துக்கு வழி தேடினர். சுற்றுப்பாதையைச் சரிசெய்யும்போதும் கம்பம் முறியாமல் காக்க ஓர் உபாயம் கையாண்டனர். முதலில் ஒரு சிறு உந்தல். கம்பம் வளைந்து மீளும் சரியான நொடியில் முழு உந்தல். தூண்டில் வீசுபவரின் கைவாகு என்றே சொல்லலாம்.

இரு குழுக்கள் மாறி மாறி இரவு பகலாக உழைத்தன. ஆஸ்திரேலியாவின் மேல் கடைசி வீச்சு முடிந்தபோது 222 மணி நேர அளவீடு 332 நாடாக்களில் பதிவாகியிருந்தது. குறித்த நிலப்பரப்பில் 99.98 விழுக்காடு ஒருமுறையாவது படம் பிடிக்கப்பட்டுவிட்டது! மடக்கிய கம்பத்தின் பெட்டி மூட மறுத்து இறுதியில் சிறிது கலக்கம் தந்தது. பல முயற்சிக்குப் பிறகே மூடியது. பிப்ரவரி 22 அன்று எண்டெவர் தரையிறங்கியது.

வட அட்சம் 60 பாகை முதல் தென் அட்சம் 56 பாகை வரை, பூமியின் நிலத்தில் சுமார் 80 விழுக்காடு இதில் அடங்கும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உயரம் கணிக்கப்பட்டது. எனினும் அமெரிக்காவுக்கு வெளியே பொதுமக்களுக்குக் கிடைத்தது நெடுங்காலம் 90 மீட்டர் விவரமே. நுட்பமான விவரம் மற்ற நாடுகளுக்கும் திறந்துவிடப்பட்டது 2014-இல்தான். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து தொடங்கி, கட்டம் கட்டமாக.