மெய்யும் பாவனையும்: மிக் ஃபோலியின் மல்யுத்த வாழ்வு

1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் அரங்கில், இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து மல்யுத்த வீரர் மிக் ஃபோலியை அவருடைய எதிராளி அண்டர்டேக்கர் தூக்கி எறிந்தார். ஏறத்தாழ 16 அடி உயரம். வர்ணனையாளர் மேசையை நொறுக்கிக்கொண்டு விழுந்த அந்த உடல்தான், கேபிள் தொலைக்காட்சிக் காலத்தில் மல்யுத்தம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபோலி என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறது. அவரைப் பற்றி எழுதுவோரும் அந்த வீழ்ச்சியையே அவர் கலையின் சிகரமாக வைக்கிறார்கள். அந்த மதிப்பீடு பிழையானது என்பதே என் வாதம்.

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவாகிவிடும். ஆகவே ‘எல்லாம் நடிப்பு’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த நடிப்பின் இலக்கணம் கடுமையானது. எதிராளி தன் உடலை நம்பி ஒப்படைக்கிறார். அதைக் காத்துக்கொண்டே நொறுக்குவதுபோல் காட்ட வேண்டும். பென்சில்வேனியாவில் டொமினிக் டெனூச்சியிடம் ஃபோலி பயின்ற தொழில் இதுவே. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த், 1957இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலில், மல்யுத்தப் பார்வையாளர் நாடுவது வேதனையின் புறத்தோற்றத்தையே என்று விளக்கினார். தமிழ்க் கவிதையியல் இதை, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைக் குறிக்கும் மெய்ப்பாடு என்ற சொல்லால் அணுகும். அதிலுள்ள ‘மெய்’ உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். ஃபோலியின் ஆட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன.

1994இல் ம்யூனிக் நகரில் வேடர் என்ற மல்யுத்த வீரருடன் மோதியபோது வளையக் கயிறுகளுக்கிடையே தலை சிக்கி, ஃபோலியின் வலது காதின் பெரும்பகுதி அறுந்துபோனது. அது விபத்து. பிட்ஸ்பர்க்கின் முதல் வீழ்ச்சி திட்டமிட்டது. சற்று நேரத்தில் கூண்டின் கூரை பிய்ந்து அவர் உள்ளே விழுந்ததோ திட்டத்தில் இல்லாதது. கூடவே விழுந்த நாற்காலி முகத்தில் மோதியது, பல் உடைந்தது, நினைவும் தப்பியது. பின்னர் கேமரா அவரை அண்மையில் காட்டுகிறது. ரத்தம் வழியும் வாயோடு அவர் சிரிப்பதுபோல் தெரிகிறது. கீழுதட்டுக்குக் கீழே கிழிந்த துளை வழியே நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஃபோலி பிறகு விளக்கினார். அரங்கம் அதை அடங்காத வீரத்தின் சிரிப்பாக வாசித்தது. காயம் உண்மை, வாசிப்பு தவறு. நடிகனின் பிடியிலிருந்து மெய்ப்பாடு நழுவிய கணம் அது. அதைக் கலையின் வெற்றி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் கலை முழுமையாக வெளிப்பட்ட இடம் வேறு. 1997இல் வர்ணனையாளர் ஜிம் ராஸ் எடுத்த தொடர் நேர்காணலில், ஃபோலி ஏற்ற மேன்கைண்ட் என்ற முகமூடிப் பாத்திரம் தன் இளமையைப் பேசத் தொடங்கியது. ஃபோலி மாணவப் பருவத்தில் நண்பர்களோடு எடுத்த வீட்டுப் படமும் அதில் காட்டப்பட்டது. அந்தப் படத்தில் அவர் கற்பனை செய்திருந்த ஒயிலான காதலன் ‘டியூட் லவ்’, விரைவில் வளையத்துக்குள்ளேயே வந்தான். பலர் அடுத்தடுத்து நுழையும் 1998 ராயல் ரம்பிளில் கேக்டஸ் ஜாக், மேன்கைண்ட், டியூட் லவ் என்ற மூன்று பாத்திரங்களாக அவர் ஒரே போட்டியில் மூன்று முறை நுழைந்தார். தோளின் சரிவும் நடையும் ஒவ்வொரு முறையும் மாறின. அதற்கு ரத்தம் தேவைப்படவில்லை. ஒரே உடலில் மூன்று ஆட்கள் குடியிருப்பதைப் பார்வையாளர் நம்பினார்கள்.

ஆயினும் சந்தை கேட்டது வீழ்ச்சியைத்தான். 1999 ஜனவரி 24 அன்று அனஹைமில், ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லும்வரை நடக்கும் ஆட்டத்தில், கைகள் பின்னால் விலங்கிடப்பட்டிருந்த ஃபோலியின் தலையில் எதிராளி தி ராக் நாற்காலியால் 11 முறை அடித்தார். முன்பேச்சில் இருந்தவை ஐந்தே. வளையத்தருகே ஃபோலியின் மனைவியும் குழந்தைகளும் அமர்ந்திருந்தார்கள். இது விளையாட்டு என்று குழந்தைகளுக்கு முன்பே சொல்லியிருந்தும் அவர்கள் கதறினார்கள். பேரி பிளாஸ்டீனின் ‘பியாண்ட் த மேட்’ ஆவணப்படத்தில் அந்தக் கதறல் பதிவாகியிருக்கிறது. பிறகு அதைத் திரையில் பார்க்கும் ஃபோலியின் முகமும் இருக்கிறது. பார்த் பேசிய பார்வையாளருக்கும் நடிகருக்கும் இடையிலான உடன்படிக்கையில் அந்தக் குழந்தைகள் சேரவில்லை. அவர்கள் கண்டது தந்தையின் தலையை. இந்தக் கலையைப் பற்றி ஆராய்வோர் அந்தக் காட்சியைத் தவிர்த்துவிட்டுப் பேசக் கூடாது என்று கருதுகிறேன்.

அன்றிரவு ‘விட்டுவிடுகிறேன்’ என்று ஒலித்த குரல், ஆட்டத்தின் கதைப்படி, முன்பு பதிவான ஃபோலியின் பேச்சிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அடி வாங்கிய உடல் உண்மை, தோல்வியை ஒப்புக்கொண்ட குரல் போலி. தன் குரலில் தன் கதையைச் சொல்லும் வேலையை அவர் அதே ஆண்டு செய்தார். பிறர் எழுதித்தருவதை ஏற்காமல், ஏறக்குறைய 760 தாள்களில் தன் வரலாற்றைத் தானே கையால் எழுதினார். ‘ஹேவ் எ நைஸ் டே’ என்ற அந்த நூல், நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால், தலையில் நாற்காலியால் அடிப்பதை அனஹைம் ஆட்டத்தை நடத்திய நிறுவனம் தடைசெய்ய 2010 வரை ஆனது.