பிளம்ஸ் மரத்துக்கு இரண்டு பரீட்சை

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இன்றும் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துச் சதுப்புக் காட்டில் நிற்கிறது. உப்புத் தண்ணீரைத் தாங்கும் மரம் என்பதால் அந்த இடம் அதற்குச் சொந்தம். எந்த மரத்துக்கும் முதல் பரீட்சை ஊரின் மண்ணும் தட்பவெப்பமும்தான். பழத்தின் ருசியெல்லாம் இரண்டாவது பரீட்சை! இதற்கு நல்ல உதாரணம் பிளம்ஸ்.

நாட்டு மருந்துக் கடையில் ஆல்பகோடா என்று கேட்டால் கொடுப்பது உலர்ந்த பிளம்ஸ் பழம்தான். பாரசீக மொழியில் 'ஆலு' என்றால் பிளம்ஸ். புகாரா என்பது மத்திய ஆசியாவில் உள்ள நகரம். வணிகர்கள் கொண்டுவந்த பழத்தோடு அந்த ஊர்ப் பெயரும் சேர்ந்தே வந்துவிட்டது.

இனி அமெரிக்கா. 1885ல் கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் என்பவர் ஜப்பானிலிருந்து 12 பிளம்ஸ் கன்றுகளை வரவழைத்தார். பழம் பெரியது, சாறு அதிகம், இனிப்பு. அவற்றை வைத்துப் பல புதிய ரகங்களை உருவாக்கினார். 1906ல் வந்த சாண்டா ரோசா அவற்றில் பெயர் பெற்றது.

ஆனால் வடக்கே மினசோட்டா, தெற்கு டகோட்டா மாநிலங்களில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். ஜப்பான் ரகங்களின் பூமொட்டுகள் அதில் கருகிவிடும். அந்த மண்ணின் காட்டு பிளம்ஸ் மரம் குளிரைத் தாங்கும், ஆனால் அதன் பழம் சிறியது, தோல் தடிப்பு, புளிப்பு. தெற்கு டகோட்டாவில் நீல்ஸ் ஹேன்சன் இந்த இரண்டையும் கலப்பினம் செய்தார். 1933ல் மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட சுப்பீரியர் ரகத்துக்குப் பெற்றோர் இரண்டு: ஒன்று பர்பாங்க் பெயரிலேயே உள்ள ரகம், இன்னொன்று ஹேன்சனின் காகா. ருசி ஒரு பக்கம், தாங்கும் சக்தி மறுபக்கம்!

நீலகிரியில் பிரச்சினையே தலைகீழ். 1820களில் ஜான் சல்லிவன் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளையும் பழங்களையும் பயிரிட ஆரம்பித்தார். 1920ல் குன்னூரில் அரசுப் பழப்பண்ணை வந்தது. அங்கே மரம் குளிரில் சாகாது. குளிர் போதாமல் பூக்காமல் போகலாம் என்பதுதான் கவலை. பிளம்ஸ் மரம் இலை உதிர்த்து உறங்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே தேவையான மணி நேரம் கழிந்தால்தான் ஒழுங்காக விழித்துப் பூக்கும். ஐரோப்பிய ரகங்களுக்கு இந்தக் குளிர் நிறைய வேண்டும், ஜப்பான் வழி ரகங்களுக்குக் குறைவாகவே போதும். அதனால் நம் மலைகளுக்கு ஏற்றவை இவையே. தமிழக மலைகளில் பயிராகும் ஹேல், கவியோட்டா இரண்டும் பர்பாங்க் தோட்டத்தில் பிறந்தவை என்பது ஆச்சரியம்தானே!

இன்னொரு விஷயம். இவற்றில் பல ரகங்கள் தன் மகரந்தத்தால் காய்க்காது. பக்கத்தில் அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகமும் வேண்டும். ஒற்றை மரம் நட்டவருக்குப் பூ மட்டும்தான் மிஞ்சும்.

இப்போது பூமி சூடாகிறது. மினசோட்டாக்காரருக்குக் கடுங்குளிர் குறைந்தால் ஒருவகையில் ஆறுதல். நீலகிரி விவசாயிக்கோ ஏற்கெனவே குறைவாக இருக்கும் குளிரும் கைவிட்டுப் போகும். குளிர் குறைந்தால் பூ குறையும், பூ குறைந்தால் வருமானம் குறையும். பர்பாங்க்கும் ஹேன்சனும் அன்று செய்த வேலையை இன்று நம் மலைகளுக்காக யாராவது செய்தாக வேண்டும். ஒரு மரம் காய்க்கச் சில வருடம் ஆகும், ஆகவே தொடங்குவதில் தாமதம் கூடாது.