டெப்ளாய்மென்ட் சூழல்

எழுதி முடித்த மென்பொருள் எந்தச் சர்வரில், எந்தச் சாவிகளோடு, யார் ஒப்புதலின் பேரில் ஓட வேண்டும் என்பதை வரையறுக்கும் அமைப்பே டெப்ளாய்மென்ட் சூழல். டெவலப்மென்ட், யூஏடி (பயனர் ஏற்புச் சோதனை), ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் எனப் பெயரும் எண்ணிக்கையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் 1964இல் தொடங்கிய சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலைகளுக்கு நடுவே எழுந்துள்ள ஐடி அலுவலகங்களிலும் ‘ப்ராட்’ எனப்படும் புரொடக்‌ஷன் என்றால் வாடிக்கையாளர் புழங்கும் கடைசிச் சூழல்தான்.

ஒருமுறை பில்டு செய்த அதே கோப்புதான் எல்லாச் சூழலுக்கும் போக வேண்டும். தரவுத்தள முகவரி, ஏபிஐ சாவி போன்றவை மட்டுமே மாறலாம்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ரிலீஸ் படிகளைத் தானாக ஓட்டும் வொர்க்ஃப்ளோவை யாமெல் கோப்பாக எழுதுவார்கள். அதிலுள்ள ஒரு ஜாபின் (பணித் தொகுப்பின்) கீழ் சூழலின் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டால், அச்சூழலின் விதிகள் நிறைவேறும்வரை ஜாப் காத்து நிற்கும். ஒப்புதல் தர அதிகபட்சம் 6 பேரை அல்லது குழுக்களை நியமிக்கலாம். அவர்களில் ஒருவர் சம்மதித்தாலே போதும். 30 நாளுக்குள் யாரும் சம்மதிக்காவிட்டால் ஜாப் தானே தோற்றுவிடும். ரிலீஸைத் தொடங்கியவரே ஒப்புதலும் கொடுத்துக்கொள்வதைத் தடுக்கும் தேர்வைத் தனியாக இயக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்புதல் பொத்தானைவிட முக்கியமானது ரகசியச் சாவிகளின் இடம். சூழலுக்குள் வைத்த சாவி, விதிகள் நிறைவேறிய பிறகே ஜாபின் கைக்கு வரும். அதையே ரெப்போ (நிரல் களஞ்சியம்) அளவில் வைத்துவிட்டால் காவலுக்கு ஆள் போட்டும் பயனில்லை. யாமெல் கோப்பில் சூழலின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கிட்ஹப் பிழை காட்டாது. அந்தத் தப்பான பெயரிலேயே விதிகளற்ற புதுச் சூழலை உருவாக்கிவிடும். ஜாபும் நிற்காமல் ஓடும். சாவி சரியான பெயருள்ள சூழலுக்குள் இருந்தால் அங்கேயே ரிலீஸ் முட்டிக்கொள்ளும். ரெப்போவில் இருந்தால் நேரே புரொடக்‌ஷனுக்குப் போய்விடும்.

கையால் செய்யும் ரிலீஸின் ஆபத்துக்கு நைட் கேபிடல் சாட்சி. 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தின் 8 சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புது நிரல் போய்ச் சேரவில்லை. அதனால் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் நஷ்டம்.

சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் சூழல் அமைப்பின் பகுதியே. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. அம்பத்தூரில் என்டிடி, கண்ட்ரோல்எஸ் போன்றவை நடத்தும் டேட்டா சென்டர்கள் இத்தகைய தேவைக்கும் உதவுகின்றன. ஸ்டேஜிங்குக்கும் விலக்கில்லை: சோதனைக்கென்று நிஜப் பரிவர்த்தனைத் தரவை நகலெடுத்து வெளிநாட்டுச் சர்வரில் போட்டுவைத்தால் அதுவும் மீறல்தான்.